பரமபதம் அல்ல, ஆடுபுலி

சென்ற வருடம் ஒரு விளையாட்டுக்கு அட்டை எழுதிக்கொடுத்தேன். அட்டைக்கு இவ்வளவு என்று கூலி. மொத்தம் 80 அட்டை. பச்சை 40, சிவப்பு 40. பச்சை என்றால் வாய்ப்பு, சிவப்பு என்றால் சோதனை. கிராமத்து இளைஞர்களுக்கு வெளிநாட்டு வேலை, வெளிநாட்டுப் படிப்பு பற்றி விழிப்புணர்வு தருவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் தயாரித்த பலகை விளையாட்டு அது. பலகையின் கீழ் மூலையில் ஒரு பனைமரம், ஓட்டு வீடு, வெடித்த நிலம். அதற்குப் பெயர் ‘என் கிராமம்’. மேல் மூலையில் கண்ணாடிக் கட்டடங்கள், விமானம், சிரிக்கிற முகம். அதற்குப் பெயர் ‘உலகம்’. நடுவில் 64 கட்டங்கள். பகடையை உருட்டணும், மேலே ஏறணும். அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்த விளையாட்டுக்கு எதிராக எழுதப்படுகிறது. அதை எழுதியதில் எனக்கும் பங்கு இருப்பதால் எனக்கு எதிராகவும்தான்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விளையாட்டு நன்றாகவே ஓடியது. முதுகுளத்தூர் பக்கம் ஒரு ஊரின் சமுதாயக்கூடத்தில் 24 பேரை உட்காரவைத்து, ஆறு பலகைகளை விரித்து, சோதனை ஆட்டம் நடத்தினோம். பெரும்பாலும் பன்னிரண்டாவது முடித்தவர்கள். கொஞ்சம் ஐடிஐ, கொஞ்சம் பாலிடெக்னிக், பத்தாவதோடு நின்றவர்கள் நாலைந்து பேர், ஏழு பெண்கள். ஸ்லைடு போட்டு வகுப்பெடுத்திருந்தால் அரைமணி நேரத்தில் செல்போனைத் தடவ ஆரம்பித்திருப்பார்கள். இதில் இரண்டு மணி நேரம் கத்தினார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். கூட வந்திருந்த நிறுவனத்துக்காரர்களின் முகம் மலர்ந்துபோயிருந்தது. நானும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பையன் சிவப்பு அட்டையை எடுத்து சத்தமாக வாசித்தான். நான் எழுதிய அட்டை. “போலி முகவரை நம்பி ஏமாந்தாய். 10 கட்டம் பின்னே செல்.”

வாசித்துவிட்டுச் சிரித்தான். “பத்து கட்டம்தானாண்ணே? எங்க அண்ணனுக்கு ஒன்றரை லட்சம் போச்சு. இதுல ரெண்டு உருட்டு உருட்டுனா திரும்ப வந்துரலாம்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த பலகையில் இருந்த ஒரு பெண் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: “அந்த ஏஜென்ட்டுக்கு எத்தன கட்டம் பின்னாடிண்ணே?”

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் பலகையில் ஏஜென்ட்டுக்குக் காயே இல்லை.

*

“அட, விளையாட்டுதானே, இதுக்கெல்லாம் கட்டுரையா” என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வரலாற்றைக் கொஞ்சம் புரட்டும்வரை.

பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம் வீடுகளில் ஆடியது. ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் வைகுண்டம். ஆடுகிறவர் எதையும் தேர்வு செய்வதில்லை, விழுகிற எண்தான் எல்லாம். உன் கையில் ஒன்றுமில்லை, மேலே ஒருவன் இருக்கிறான் என்பதை ஒரு சொல் பேசாமல் அது சொல்லிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதே ஆட்டம் இங்கிலாந்துக்குப் போனபோது வைகுண்டம் கழன்றுவிட்டது. உழைப்பும் சிக்கனமும் ஏணி ஆயின, சோம்பேறித்தனமும் கீழ்ப்படியாமையும் பாம்பு ஆயின. 1860இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி வாழ்க்கையையே ஒரு பலகையாகப் போட்டார். அதில் போய்ச்சேர வேண்டிய கட்டத்தின் பெயர் ‘மகிழ்ச்சியான முதுமை’. பகடை சூதாட்டத்தை நினைவுபடுத்தும் என்பதால் அதற்குப் பதில் பம்பரம் மாதிரி சுழற்றுகிற ஒன்றை வைத்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கதை எலிசபெத் மேகியுடையது. நிலத்தை ஒரு சிலர் வளைத்துப்போட்டு வாடகையில் கொழுப்பதை எதிர்த்த பெண். 1904இல் ‘நிலச்சுவான்தார் ஆட்டம்’ என்ற பலகைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னால் அதற்கு இரண்டு வகை விதிகள் இருந்தன. ஒன்றில், ஒருவர் மற்ற எல்லாரையும் ஓட்டாண்டியாக்கி ஜெயிப்பார். இன்னொன்றில், உருவாகிற செல்வம் எல்லாருக்கும் பகிரப்படும். பலகை ஒன்றுதான், விதி மாறினால் உலகமே வேறு என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். பிழைத்தது முதல் வகை மட்டும். அதுதான் மோனோபலி. நாமெல்லாம் கோடை விடுமுறையில் ‘பிசினஸ்’ என்றும் ‘டிரேட்’ என்றும் ஆடினோமே, அவற்றுக்குப் பாட்டி. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் அவருடைய காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. நிலவுடைமைக்கு எதிராக எழுதப்பட்ட விளையாட்டு, நிலம் வாங்கிக் குவிப்பதன் சுகத்தை உலகத்துக்கே கற்றுக்கொடுத்தது.

ஆக, பலகை விளையாட்டு ஒரு வாதம். அதன் அட்டைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். யாருக்குக் காய் இருக்கிறது, யார் உருட்டலாம், எது கடைசிக் கட்டம் என்பதில்தான் வாதம் இருக்கிறது. சொற்பொழிவு கேட்கிறவன் மனதுக்குள்ளாவது மறுத்துப் பேச முடியும். ஆடுகிறவன் விதியை ஏற்றுக்கொண்டுதான் ஆட உட்காருகிறான்.

எங்கள் விளையாட்டின் விதி மூன்று பொய்களைச் சொன்னது.

*

முதல் பொய்: எல்லாரும் ஒரே கட்டத்திலிருந்து கிளம்புகிறார்கள்.

அந்தக் கூடத்தில் இருந்த 24 பேரும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைக் காய்களை எடுத்துக்கொண்டு ‘என் கிராமம்’ கட்டத்தில் வைத்தார்கள். நிஜத்தில் அவர்கள் வேறு வேறு கட்டத்தில் நின்றார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவருக்குக் கிடைப்பது ஈசிஆர் பாஸ்போர்ட். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதே பாஸ்போர்ட் ஒரு பெண்ணிடம் இருந்து, அவளுக்கு 30 வயது நிறையவில்லையென்றால் அந்த அனுமதியே கிடைக்காது. பாதுகாப்புக்காகப் போட்ட விதி என்பார்கள். ஆனால் வீட்டில் அடுப்பெரிய வேண்டியவள் விதியைப் படித்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. விசிட் விசாவில் பின்வாசல் வழியாகப் போகிறாள். பின்வாசல் வழியாகப் போனவளுக்கு ஏதாவது ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அவள் பெயர் இருக்காது. கூடத்தில் ஏழு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே காய், அதே பகடை.

நிலம் இருக்கிற வீட்டுப் பையன் பத்திரத்தை வைத்து வங்கிக்குப் போகிறான். நிலம் இல்லாத வீட்டுப் பையன் மூணு வட்டிக்குப் போகிறான். யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது எங்கள் பக்கத்தில் பகடை உருட்டி முடிவானது இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றரை லட்சத்துக்கு மூணு வட்டி என்றால் மாதம் 4,500 ரூபாய். அவன் விமானம் ஏறினாலும் ஏறாவிட்டாலும், மெடிக்கலில் அன்ஃபிட் ஆனாலும், முதல் மூன்று மாதம் கம்பெனி சம்பளமே போடாவிட்டாலும் 4,500. இதற்கு நான் எழுதியிருந்த அட்டை என்ன தெரியுமா? “கடன் வாங்கினாய். ஒரு முறை உருட்டாமல் இரு.”

எங்கள் அப்பா 14 வருடம் தம்மாமில் இருந்தவர். முதல் விசாவுக்கு அம்மாவின் நகை போனது. இரண்டு வருட ரியால் வட்டிக்கே போனது. இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன்தான் அந்த அட்டையை எழுதினான். ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அட்டையில் இரண்டு வரிக்குத்தான் இடம் இருந்தது. ஒரு வாழ்க்கையை இரண்டு வரிக்குள் அடைக்கச் சொன்னபோது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூலி வாங்கினேன்.

*

இரண்டாவது பொய்: ஏமாறுவது ஆடுகிறவனின் தவறு.

40 சிவப்பு அட்டையையும் திரும்பப் படித்துப்பார்த்தேன். “ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டாய்.” “விசாவைச் சரிபார்க்கத் தவறினாய்.” “நண்பன் பேச்சை நம்பினாய்.” எல்லாமே நீ, நீ, நீ. ஏமாற்றியவர் ஒரு அட்டையிலும் எழுவாயாக வரவில்லை.

அறியாமைதான் பிரச்சனை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2022 வாக்கில் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சொல்லித் தமிழ்நாட்டு இளைஞர்களைக் கூட்டிப்போய், மியான்மரின் மியாவாடிப் பக்கம் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்து வேலை வாங்கினார்கள். அதற்குத் தேவைப்பட்டவர்கள் கம்ப்யூட்டரும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள். படித்ததால்தான் வலையில் விழுந்தார்கள். எந்த விழிப்புணர்வு வகுப்பின் அளவுகோலில் பார்த்தாலும் அவர்கள் விழித்திருந்தவர்கள்தான்.

எங்கள் மண்ணுக்கு வெளிநாடு புதுசு இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் ஆள் போன சீமை இது. மண்டபம் முகாமில் அடைத்துவைத்துச் சோதித்துத்தான் அக்கரைக்கு அனுப்பினார்கள். கூட்டிப்போன கங்காணி அந்நியன் இல்லை. தன் ஊர், தன் சாதி, தன் உறவு ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனவன். இலங்கையில் ‘துண்டு’ என்று ஒரு காகிதம் இருந்தது. இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதை அடைத்தால் விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆள் கைமாறுவான். 1921இல் அதை ஒழித்தார்கள். காகிதம் ஒழிந்தது. கடனை வைத்து ஆளைப் பிடித்துவைக்கிற வித்தை ஒழியவில்லை.

இன்றைய கங்காணியை ஊரில் ஏஜென்ட் என்கிறார்கள். சட்டப்படி அவர் ஏஜென்ட்டே இல்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் பதிவு பெற்ற முகவரை மட்டும்தான் ஏற்கிறது. அந்த முகவர் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதும் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் சென்னையில் இருக்கிறார், மும்பையில் இருக்கிறார். டீக்கடையில் இருப்பவர் அவருக்கு ஆள் பிடித்துத் தருகிற ஒருவர், அவருக்கும் கீழே இன்னொருவர். அந்த இன்னொருவர் நமக்கு மாமா முறை. கல்யாணத்துக்கு மொய் எழுதியவர், தாத்தா செத்தபோது பாடையில் தோள் கொடுத்தவர். அவரிடம் போய் “பதிவு எண் காட்டுங்க மாமா” என்று கேட்க எந்த அட்டை சொல்லித்தரும்?

சொல்ல வெட்கமாக இருக்கிறது. 80 அட்டையில் ஒன்றில்கூட அந்த 30,000 என்ற எண் இல்லை. ஈசிஆர் பாஸ்போர்ட்டில் போகிறவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு, இரண்டு வருடத்துக்குக் கட்டணம் 275 ரூபாய் என்பதும் இல்லை. ஜெர்மனியில் படிக்கலாம், ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கலாம், கனடாவில் டிரக் ஓட்டலாம் என்று பச்சை அட்டைகளில் நிறைய இருந்தது. கனவைப் பற்றிய தகவலைத் தாராளமாகத் தந்தோம். உரிமையைப் பற்றிய தகவலைத் தரவில்லை. முதல் வகைத் தகவலை ஏஜென்ட்டே இலவசமாகத் தருகிறார். அதற்குத் தொண்டு நிறுவனம் எதற்கு?

*

மூன்றாவது பொய்: வெளிநாடுதான் கடைசிக் கட்டம்.

எங்கள் பலகையில் ‘உலகம்’ கட்டத்தைத் தொட்டால் எல்லாரும் கைதட்டுவார்கள். ஆட்டம் முடிந்தது. நிஜத்தில் ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது. இக்காமா கைக்கு வருவதற்குள் எத்தனை மாதம், ஊரில் சொன்ன வேலைதான் அங்கேயும் கொடுத்தார்களா, பேசிக் எவ்வளவு, ஓடி உண்டா, பாஸ்போர்ட் யார் பெட்டியில் இருக்கிறது, ஒரு அறைக்கு எத்தனை பேர்.

2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு கட்டடம் தீப்பிடித்தது. இறந்தவர்களில் 45 பேர் இந்தியர்கள், அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். விமானப்படை விமானம் அவர்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்து இறக்கியது. எங்கள் பலகையின் கணக்குப்படி அவர்கள் ஜெயித்தவர்கள். எல்லாக் கட்டமும் தாண்டி உச்சிக்குப் போய்ச்சேர்ந்து, வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு எந்தச் சிவப்பு அட்டையைக் கொடுப்பது?

சாவைச் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். திரும்பி வருவதைப் பற்றியும்தான் சொல்கிறேன். எங்கள் அப்பா ஊர் திரும்பிப் பதினைந்து வருடம் ஆகப்போகிறது. இன்னும் விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. கேம்ப் அறையில் ஷிஃப்ட் முடிந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்களாம், 14 வருடமும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்ததாம். அம்மாவுக்கு வெளிச்சத்தில் தூக்கம் வராது. இரண்டு பேரும் இரண்டு அறையில் படுக்கிறார்கள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்த வருடங்களை நான் எண்ணிப்பார்த்ததில்லை, பயமாக இருக்கும். ‘உலகம்’ கட்டத்திலிருந்து ‘என் கிராம’த்துக்கு வருகிற பாதை எங்கள் பலகையில் வரையப்படவே இல்லை. திரும்பி வருவதென்றால் அது சிவப்பு அட்டையின் தண்டனை மட்டும்தான்.

கிராமம் ஏன் முதல் கட்டமாக இருக்கிறது என்றும் நாங்கள் கேட்கவில்லை. வெடித்த நிலம் படத்தில் அழகாக இருந்தது. வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் கண்மாய்க்கு வந்துசேர்வதற்குள் என்ன ஆகிறது, முண்டு வத்தல் விளைவித்தவன் விலையை ஏன் கமிஷன் மண்டி சொல்கிறது, கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதைவிட்டால் ஏன் வேறு கூலி இல்லை என்பதெல்லாம் அந்த வெடிப்புக்குள் இருக்கிறது. பலகை அதை இயற்கை மாதிரி வரைந்துவிட்டது. பிறந்த இடமே பாம்பின் வால் என்று பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வண்ணத்தில் சொல்லிக்கொடுத்தோம்.

*

இரண்டு எதிர்ப்புகள் வரும், தெரியும்.

ஒன்று: “அப்போ யாரும் போகக்கூடாதுன்னு சொல்றியா?” இல்லை. நான் படித்தது ரியாலில். நான் கட்டிய கல்லூரிக் கட்டணத்தில் தம்மாம் வெயில் இருக்கிறது. மண்ணைவிட்டுப் போகாதே என்று உபதேசம் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை. நகரத்தில் இருந்துகொண்டு கிராமத்தின் தூய்மைக்கு உருகுகிற கட்டுரைகள் எனக்கும் குமட்டும். போகட்டும். மரியாதையோடு போகட்டும். எவ்வளவு கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், அங்கே என்ன கேட்கலாம் என்று தெரிந்து போகட்டும்.

இரண்டு: “ஒன்றுமே இல்லாததற்கு இதாவது பரவாயில்லையே?” இதுதான் ஆபத்தான வாதம். ஏமாந்தால் பத்து கட்டம்தான் பின்னால் போவாய் என்று நம்பவைப்பது, ஒன்றுமே சொல்லாமல் இருப்பதைவிட மோசம். ஒன்றும் தெரியாதவன் பயப்படுவான், நாலு பேரிடம் கேட்பான். இரண்டு மணி நேரம் ஆடி ஜெயித்தவன், தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வான்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் நண்பர் வட்டத்தில் யாரோ ஒருவர் ஜெர்மனியிலோ ஆஸ்திரேலியாவிலோ படிக்கிறார். அவருக்கு யாராவது பலகையை விரித்துப் பகடையைக் கையில் கொடுத்தார்களா? சீனியர் இருந்தார், வாட்ஸப் குழு இருந்தது, அண்ணனுக்குத் தெரிந்த வக்கீல் இருந்தார், விசா மறுக்கப்பட்டால் திரும்ப விண்ணப்பிக்கப் பணம் இருந்தது. நமக்கு வலைப்பின்னல். அவர்களுக்குப் பகடை. இந்த வித்தியாசத்தைத்தான் ‘சுவாரசியமான கற்பித்தல் முறை’ என்று பெயர் வைத்து அழைக்கிறோம்.

*

அன்று மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பலகைகளை மடித்து வைத்துவிட்டோம். வெயில் தாழ மினிபஸ் வரும்வரை நேரம் இருந்தது. கோயில் மண்டபத்தில் இரண்டு பெரியவர்கள் தரையில் கரிக்கோடு போட்டு ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டலாம். ஆடு வெட்ட முடியாது, நகர மட்டும்தான் முடியும். இரண்டு பக்கத்துக்கும் விதியே வேறு. சமமில்லாத ஆட்டம் என்பதை முதல் கோட்டிலேயே ஒப்புக்கொள்கிற ஆட்டம். பகடையும் கிடையாது, அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட வழியில்லை. தனியாக நிற்கிற ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் செத்தது. ஒன்றையொன்று ஒட்டி நகர்ந்தால் புலி அசைய இடமில்லாமல் அடைபடும். ஆடு ஜெயிக்க அந்த ஒரு வழிதான் உண்டு.

பத்து கட்டம் பின்னால் போன பையன் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “நீங்க இதுல எழுதிருக்கணும்ண்ணே” என்றான்.

கூடத்துக்குத் திரும்பி வந்து, சாக்பீஸைக் கொடுத்து, நீங்களே ஒன்று போடுங்கள் என்றேன். ஒரு மணி நேரத்தில் சிமெண்டுத் தரையில் அவர்கள் போட்ட ஆட்டத்தைச் சொல்கிறேன். ஏஜென்ட்டுக்குக் காய் உண்டு, அதை ஒருவர் ஆடுவார். வட்டிக்கு ஒரு காய் உண்டு. யார் உருட்டினாலும் உருட்டாவிட்டாலும் அது ஒவ்வொரு சுற்றும் ஒரு கட்டம் நகர்ந்து வரும், உன்னைத் தொட்டால் வீட்டில் ஒரு பொருள் போகும். அம்மா என்று ஒரு காய், ஊரைவிட்டு நகராது. வெளிநாட்டுக் காய் அனுப்புகிற பணமெல்லாம் அதன் வழியாகத்தான் வட்டிக்குப் போகும். தலை நிமிராமல் கேள்வி கேட்ட அந்தப் பெண் ஒரு விதி சேர்த்தாள்: ஏஜென்ட்டிடம் எவ்வளவு கொடுத்தோம் என்பதை மூன்று பேர் ஒருவருக்கொருவர் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டால், ஏஜென்ட் காய் அடுத்த சுற்று நகரக்கூடாது. உண்மையில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஏமாந்தது வெளியே தெரிந்தால் கேவலம் என்று மூடிவைக்கிறார்கள். அந்த மௌனத்தில்தான் ஏஜென்ட் ஓடிக்கொண்டிருக்கிறார் என்பதை எங்கள் 80 அட்டையில் ஒன்றுகூடத் தொடவில்லை. அவள் ஒரு விதியில் தொட்டுவிட்டாள்.

விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதியை எழுதுகிற கை யாருடையது என்றுதான் கேட்கிறேன். எங்கள் வேலை பலகையை அச்சடித்துக் கொண்டுபோவதில்லை. அந்த 30,000, அந்த 275, அந்த அலுவலகத்தின் முகவரி ஆகியவற்றைக் கையில் கொடுத்துவிட்டு, சாக்பீஸையும் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்காருவது.

தரையில் போட்டதைப் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். நல்லவர்கள்தான், மரியாதையாகவே பதில் வந்தது. ரொம்ப எதிர்மறையாக இருக்கிறது, இளைஞர்களுக்கு நம்பிக்கை தர வேண்டும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம். அடுத்த பதிப்புக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. பழைய பலகைதான் அச்சாகி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் என் பெயரும் இருக்கிறது.

போன மாதம் அந்தப் பையன் போன் பண்ணினான். சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடிக்கப் போகிறானாம், பணம் கட்டிவிட்டானாம்.

“ரசீது வாங்குனியாப்பா?”

“மாமா முறைண்ணே. ஏழு பேரு கட்டிருக்கோம். ஒருத்தனும் கேக்கல, நா மட்டும் எப்படிண்ணே கேக்குறது?”

“நீ மட்டும் கேக்காத. ஏழு பேரும் சேந்து போங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஆடுபுலியாண்ணே?” என்று சிரித்தான். பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். இதை எழுதி முடிக்கும்வரை அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை.